பிறர் வாய் வைத்த சுங்கான்கள்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோயில் தர்மகர்த்தாவும் எமது வாசிகசாலையின் காப்பாளருமான மதிப்பிற்குரிய ஐயாத்துரை அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அமரரின் துணைவியார் சீதேவி அக்கா அவர்களே! சீதேவி அக்கா கையைப் பிடித்து இழுத்து இருத்தியதனால், முன்வரிசைக் கதிரையொன்றின் நுனியில் அமர்ந்திருக்கும் கதிர்காமு அவர்களே! வள்ளக்காரர் குருசுமுத்து அண்ணை அவர்களே! ஊர்காவற்றுறைப் பெருமக்களே!

உங்கள் அனைவருக்கும் எனது வணக்கம்.

நில அளவையாளர் ஆழ்வாப்பிள்ளை குலசிங்கம் அவர்கள் சென்ற மாதம் தமது வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, நெஞ்சு நோவினால் காலமானார். அவர் புகைத்துக்கொண்டிருந்த சுங்கான் வாயிலிருந்து மடியில் விழுந்திருந்தது. அதில் நெருப்பு இன்னும் அணையவில்லை என்று சீதேவி அக்கா என்னிடம் சொன்னார். வேட்டி கருகியிருந்ததாம். அவரைக் குளிப்பாட்டியவர்கள் அந்தச் சுங்கானை ஒரு தடியால் தட்டி முற்றத்தில் விழுத்தினார்கள். கையால் ஒருவரும் தொடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டதனால் சொல்கிறேன்.

இக்கூட்டம் தொடங்குமுன் தலைவர் அவர்கள் என்னை ஒரு பக்கமாக அழைத்தார். “தம்பி, அவற்றை உத்தியோகத்தைச் சொல்லும். வாசிகசாலைக்குக் காணி அளந்து தந்ததைச் சொல்லும். உந்தச் சுங்கான் கதையையும் வள்ளக் கதையையும் விடும். செத்த மனுசனுக்கு அது மரியாதையில்லை” என்றார். தலைவர் அவர்களின் அக்கறைக்கு நான் நன்றியுடையவன். அமரரின் உத்தியோகம் அவருடைய ஓய்வூதியப் பத்திரத்தில் இருக்கிறது. அவர் அளந்த காணி நீங்கள் அமர்ந்திருக்கும் தரையாக இருக்கிறது. இரண்டுக்கும் என் வாய் தேவையில்லை. ஆகையால், எஞ்சிய இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அமரர் தாம் சேர்த்த சுங்கான்கள் அனைத்தையும் இந்த வாசிகசாலைக்கு விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றை அதோ அந்தக் கண்ணாடி அலுமாரியில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். இன்று அது சீதேவி அக்காவின் ஒரே விருப்பம். அதை ஏற்பதா விடுவதா என்று, இக்கூட்டம் கலைந்தவுடன் நிர்வாகக் குழு இதே மண்டபத்தில் முடிவு செய்யப்போகிறது. சென்ற கிழமை குழுவில் எழுந்த வார்த்தை எல்லோருக்கும் கேட்டது. “எச்சில் சாமானைப் புத்தகத்தோடை வைக்கேலாது.” குழுவின் செயலாளர் என்ற முறையில் அதைக் குறிப்பேட்டில் எழுதியவன் நான். ஓர் எழுத்தும் பிழைக்காமல் எழுதினேன்.

எச்சில்! நல்லது. அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குவோம்.

குலசிங்கம் அவர்கள் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் காலியிலும் அளவைச் சங்கிலி இழுத்த மனிதர். தேயிலைத் தோட்டங்களை விட்டுக் கப்பலேறிய துரைமார், கொண்டுபோக முடியாதவற்றையெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். அவை மலைநாட்டுப் பழம்பொருட்கடைகளில் வந்து குவிந்தன. பித்தளை விளக்குகள், யானைக்காலில் செய்த குடைத்தாங்கிகள், பாடாத கிராமபோன்கள். அவற்றுக்கு அடியில், சப்பாத்துப் பெட்டிகளில், யாரும் திரும்பிப் பாராத சுங்கான்கள். விடுமுறையில் ஊருக்கு வரும் உத்தியோகத்தர்கள் சீத்தைத் துணியும் பிஸ்கற்றுப் பேணியும் கொண்டுவந்த காலத்தில், இவர் மட்டும் அன்னியர் கடித்துத் துப்பிய சுங்கான்களைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தார். பைத்தியக்காரத்தனமா? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன், கண்டியில் ஒரு கடைக்கு அவரோடு போகும்வரை.

அப்போது நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் முதலாளி, தாடி வைத்த பெரியவர். குலசிங்கம் அவர்கள் நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைக் கிளறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“சேர், அல்மாரியில புத்தம் புதுசு இருக்கு. இந்தக் குப்பைய ஏன் கிண்டுறீங்க?”

“முதலாளி, புதுச் சுங்கானைப் பழக்க ஒரு வரியம் வேணும். நாக்கு வெந்துபோம். இதை ஆரோ ஒரு மனுசன் தன்ரை நாக்கைச் சுட்டுப் பழக்கி வைச்சிருக்கிறான். அவன்ரை பாட்டைக் குப்பை எண்டு சொல்லலாமே?”

சொல்லிவிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்தார். புகையிலை இடும் கிண்ணத்தின் வலப்பக்க விளிம்பு கருகியிருந்தது. வலக்கையால் நெருப்பு வைத்தவன் என்றார். வாய்முனையில் இடப்பக்கமாகப் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. “எல்லாக் கடியும் இடப்பக்கம். பாவம், வலப்பக்கம் பல்லில்லைப் போலை” என்றார். முதலாளி வாயில் கை வைத்தார். “அல்லாவே! அந்தத் துரை சிரிச்சா அந்தப் பக்கம் இருட்டுத்தான் சேர்!”

நண்பர்களே, வரலாறும் தத்துவமும் படித்த பட்டதாரியாக நான் பிற்காலத்தில் வெளியேறி ஆசிரியனானேன். ஆயினும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை, பெயரும் முகமும் இனமும் அறியாமல், அவன் வாய் பட்ட இடத்தைக் கொண்டு மட்டுமே அவ்வளவு பரிவோடு அறிய முயன்றதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். நான் வியந்து நின்றேன். இன்றுவரை அந்த வியப்பிலிருந்து நான் விடுபடவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்த சுங்கானுக்கு அவர் செய்த பணிவிடையை உங்களில் பலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கிண்ணத்தில் கல்லுப்பு நிரப்புவார். அது மூழ்கப் பனஞ்சாராயம் விடுவார். தண்டை ஒரு கோழியிறகால் அடைத்து, கிணற்றடிக்கு அப்பால் பூவரச நிழலில் நாள் முழுக்க வைப்பார். பின்னேரம் பார்த்தால் உப்பு தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கும். பழைய மனிதனின் கசப்பையெல்லாம் உப்பு குடித்திருக்கும். தட்டிக் கொட்டி, காயவைத்து, தேன்மெழுகு பூசித் துடைத்து, வேலணைப் புகையிலையைப் பனம்பாணியில் பதப்படுத்தி நிரப்பி, முதல் இழுப்பு இழுக்குமுன் கணநேரம் பேசாதிருப்பார். என்ன நினைப்பார் என்று ஒரு முறை கேட்டேன். “அவனிட்டை உத்தரவு கேக்கிறன்” என்றார்.

சீதேவி அக்கா இந்தச் சடங்குக்கு வைத்த சட்டம் கடுமையானது. சுங்கான் விறாந்தையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வாய் கொப்புளிக்காமல் குசினி வாசலை மிதிக்கக்கூடாது. சாராயம் வார்க்கும் எனாமல் கோப்பை தப்பித் தவறியும் வீட்டுப் பாத்திரங்களோடு சேரக்கூடாது. அக்கா அந்நாளில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “சாராயம் குடிக்கிற மனுசரைக் கண்டிருக்கிறன். கட்டைக்குப் பருக்கிற மனுசனை இஞ்சைதான் காணுறன்!” அக்கா, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரும் அன்று அப்படித்தான் சிரித்தார்.

ஊர் சிரிக்கவில்லை. கண்டவன் நின்றவன் எச்சிலைச் சூப்புகிறார் என்றது. சைவப் பழம், கோயிலில் ஒன்பதாம் திருவிழாவின் உபயகாரர், மாடு தின்ற வாயில் இருந்ததைத் தம் வாயில் வைக்கிறாரே என்றது. முகத்துக்கு நேரே சொன்னவர்களிடமும் அவர் கோபித்ததில்லை. அவர்களுடைய வேலிச் சண்டைகளையும் அவரே அளந்து தீர்த்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு தெற்கே போவது நின்றது. பழம்பொருட்கடைகளும் நின்றன. அந்த வருடக் கடைசியில் அவருக்குத் தபாலில் ஒரு பொதி வந்தது. கண்டித் தபால் முத்திரை. உள்ளே, சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சுங்கான். அனுப்பியவர் பெயரில்லை. ஒரு வரி எழுத்தும் இல்லை. அந்த வருடத்தில், அந்த ஊரிலிருந்து, யாரோ ஒருவர் கடையொன்றில் ஒரு பழைய சுங்கானைக் கண்டு, இதை அந்தக் குலசிங்கம் விரும்புவாரே என்று நினைத்திருக்கிறார்! அதுவே அவர் கைக்குக் கிடைத்த கடைசிச் சுங்கான். முழ நீளத் தண்டு கொண்டது. கிண்ணத்திலிருந்து தண்டைக் கழற்றலாம். வாய்முனையில் ஒரு துரையின் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் இறங்குதுறைப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

இனி வள்ளத்துக்கு வருகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மாசி. நெடுந்தீவில் எமது கோயிலுக்குச் சொந்தமான காணியில் எல்லைத் தகராறு. கல்வேலியை யாரோ தள்ளி வைத்துவிட்டார்கள் என்று புகார். தர்மகர்த்தா ஐயாத்துரை அவர்கள் குலசிங்கம் அவர்களை அழைத்துப் போனார். சாட்சிக்கு நான். நெடுந்தீவில் தங்கையைப் பார்க்கச் சீதேவி அக்கா. சங்கிலி பிடிக்கக் கதிர்காமு. கோயில் அன்பர்கள் சிலர். வள்ளம் குருசுமுத்து அண்ணையுடையது. காணி அளந்து, வேலி சரிதான் என்று கண்டு, அடுத்த நாட்காலை திரும்பினோம்.

கரை மறையுமுன் எஞ்சின் நின்றது. குருசுமுத்து அண்ணை அதைப் பிரித்தார், பூட்டினார், ஏசினார், மாதாவை அழைத்தார், மறுபடியும் ஏசினார். எஞ்சின் பேசவில்லை. வாடை எங்களை மேற்கே, ஆளில்லாத கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. அந்த நாட்களில் கடலில் வேறு வள்ளம் கிடையாது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வள்ளத்தின் அடிப்பலகை கசிந்தது. கதிர்காமு ஒரு தகரப் பேணியால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினார். அவர் நிறுத்தியிருந்தால் இன்று இந்த மேடை காலியாக இருந்திருக்கும். என் இடம் உட்பட.

குடிதண்ணீர் ஒரு பிளாஸ்ரிக் கலனில் இருந்தது. குவளை இல்லை. ஆகவே எப்படிக் குடித்தோம்? எப்படிக் குடிப்பது முறையோ அப்படியே குடித்தோம்! கலனைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல், ஆடும் வள்ளத்தில், வாய்க்குள் ஊற்றினோம். கன்னத்தில் விழுந்தது. கழுத்தில் வழிந்தது. சால்வை நனைந்தது. நாங்கள் குடித்ததைவிட எங்கள் உடுப்புக் குடித்தது அதிகம். பெருமக்களே, தாகத்தால் சாகக்கூடிய நிலையில், படித்தவர்களும் பக்தர்களுமாகிய நாங்கள், குடிதண்ணீரை முறைப்படி நெஞ்சில் ஊற்றிக்கொண்டிருந்தோம்! உலகில் வேறெங்காவது இப்படியொரு கூட்டம் இருக்குமா?

கதிர்காமுவின் முறை வந்தது. அவர் கலனைத் தொடக்கூடாது. இரு கைகளையும் குவித்து ஏந்தினார். ஒருவர் மேலிருந்து ஊற்றினார். வள்ளம் ஆடியது. கைக்குள் விழுந்ததைவிட அடிப்பலகையில் விழுந்தது அதிகம். அவர் பிறகு அள்ளி வெளியே ஊற்ற வேண்டிய தண்ணீராக அது போயிற்று. வெயில் ஏறியது. மூன்றிலொரு பங்கு மிஞ்சியபோது ஒரு குரல் எழுந்தது.

“இனி அவனுக்கு விட வேண்டாம். எல்லாம் சிந்துண்டு போகுது.”

அந்தக் குரலுக்குரியவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவருக்கு அது தெரியும்.

கதிர்காமு ஏந்திய கையைத் தொங்கவிட்டார். பேணியை எடுத்தார். மறுபடி அள்ளத் தொடங்கினார்.

அப்போது குலசிங்கம் அவர்கள் என்ன செய்தார்? சத்தம் போட்டாரா? இல்லை. நீதி பேசினாரா? அதுவும் இல்லை. வாயிலிருந்த நீளச் சுங்கானை எடுத்தார். சாம்பலைக் கடலில் தட்டினார். தண்டைக் கழற்றிக் கடல்நீரில் அலசினார். அதைக் கலனின் வாய்க்குள் விட்டார். கலனைத் தூக்கிக்கொண்டு, ஆடும் வள்ளத்தில் தவழ்ந்து போய், கதிர்காமுவின் முன்னால் வைத்தார்.

“இந்தாரும். இதாலை உறிஞ்சும். ஒரு துளி சிந்தாது.”

“நயினார், நான் பேந்து குடிக்கிறன். நீங்கள் முதல் குடியுங்கோ.”

“நயினாரைத் தூக்கிக் கடலுக்கை போடும். அண்ணை எண்டு சொல்லும். நீர் அள்ளாட்டில் நாங்கள் ஒருத்தரும் இல்லை. குடியும் எண்டால் குடியும்.”

வள்ளத்தின் மறுபக்கமிருந்து தர்மகர்த்தா அவர்கள் கேட்டார். “குலசிங்கம், உமக்கு விசரே? அவன் வாய் வைச்சால் பேந்து நாங்கள் எப்பிடி அதிலை வாய் வைக்கிறது?”

அப்போது அவர் சொன்ன பதிலை, கடலும் வானமும் சாட்சியாக, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

“ஐயாத்துரை அண்ணை, இஞ்சை பாருங்கோ, ஒரு துரையின்ரை பல்லு. அவன் மாடும் திண்டவன், பண்டியும் திண்டவன். அவனுக்கு முன்னம் ஆர் வைச்சானோ தெரியாது. அவனுக்குப் பிறகு நான் வைச்சிருக்கிறன். இது முந்தியே எச்சில். இனிக் கெடுக்க இதிலை என்ன மிச்சம் கிடக்கு?”

முதலில் எச்சிலாக்குகிறவன் நானாக இருக்கக்கூடாது என்பதல்லவா எங்கள் முறையின் அடிப்படை? அந்தப் பழியை ஒரு பெயர் தெரியாத வெள்ளைக்காரர் எப்போதோ ஏற்றுக்கொண்டு போய்விட்டார்! பழம்பொருட்கடைகளின் குப்பைப் பெட்டிகளில் தம் வாழ்நாளெல்லாம் குலசிங்கம் அவர்கள் எதைத் தேடினார் என்று எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. நான் அந்த மனிதரைப் பார்த்தேன். நரைத்த மயிர் காற்றில் பறக்க, உப்புப் படிந்த முகத்தோடு, குந்தியிருந்து இன்னொருவர் குடிப்பதற்காகக் கலனைச் சரித்துப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை. கோயிலில் நான் அதுவரை கைகூப்பியதெல்லாம் ஒரு பழக்கம் என்று அப்போது உணர்ந்தேன்.

கதிர்காமு குடித்தார். அடுத்ததாகக் குருசுமுத்து அண்ணை உறிஞ்சினார். உடனே முகத்தைச் சுளித்து, “ஐயோ மாதாவே! சேர், இது தண்ணியோ புகையிலைக் கசாயமோ? பேய்க் கைச்சல்!” என்று கத்தினார். அந்தக் கடலில், அந்த வெயிலில், நாங்கள் சிரித்தோம். தண்டில் ஊறியிருந்த காரம் எவரையும் ஒரு வாய்க்குமேல் உறிஞ்சவிடவில்லை. அந்தக் கசப்பே எங்களுக்குத் தண்ணீரை அளந்து தந்தது.

அடுத்தது யார்? ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். கை நீட்டியவர் சீதேவி அக்கா. சுங்கானை விறாந்தையைத் தாண்டவிடாத சீதேவி அக்கா!

“தாங்கோ இங்காலை. எனக்குத் தண்ணி விடாய்க்குது.”

உறிஞ்சினார். கண்ணில் நீர் வந்தது. தலைப்பால் வாயைத் துடைத்தார். “இவ்வளவு காலமும் இந்த நாத்தத்தை வாயிலை வைச்சுக்கொண்டே என்ரை சமையலுக்கு உப்புக் காணாது எண்டனீங்கள்?” என்று கணவரைக் கேட்டார். பிறகு கலனைத் தாமே தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்தார். “குடியுங்கோ ஐயாத்துரை அண்ணை. வெக்கப்படாதேங்கோ.”

ஐயாத்துரை அவர்கள் குடித்தார். நான் குடித்தேன். எல்லோரும் குடித்தோம். அடுத்த நாள் மத்தியானம் வாடை தணிந்து மேற்கிலிருந்து காற்று எழுந்தது. குருசுமுத்து அண்ணை படங்குத் துணியைப் பாயாகக் கட்டி எங்களை நெடுந்தீவின் மேற்குக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கலனில் அப்போதும் ஒரு மிடறு மிச்சமிருந்தது. அதைக் கதிர்காமுவே குடித்தார்.

இதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போது என் குரல் உயராது. உயர்த்துவதற்குத் தகுதியான விடயமல்ல அது.

கரையேறிய அந்தக் கிழமையே, வள்ளத்தில் வந்த கோயில் அன்பர்கள் தோய்ந்து முழுகினார்கள். ஐயர் தீர்த்தம் தெளித்தார். அவர்கள் துப்புரவானார்கள். அடுத்த மாதம் கோயில் சபை கூடியது. கதிர்காமு வாய் வைத்ததில் சைவ மக்களை வாய் வைக்கச் செய்த குற்றத்துக்காகக் குலசிங்கம் அவர்களின் குடும்பத்திடமிருந்து ஒன்பதாம் திருவிழா உபயம் பறிக்கப்பட்டது. அவருடைய பாட்டனார் தொடக்கிவைத்த திருவிழா! அதற்குக் கை உயர்த்தியவர்களில் அந்த வள்ளத்தில் தண்ணீர் குடித்த அத்தனை சபையோரும் இருந்தார்கள். நான் சபையில் உறுப்பினன் அல்ல. வெளியே நின்று யன்னலால் பார்த்தேன். உயர்ந்த கைகளைப் பார்த்தேன். உயிருள்ள கைகள்.

அந்த வருடத் திருவிழா வந்தது. ஒன்பதாம் நாள். வேறொருவர் உபயகாரராகப் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றார். குலசிங்கம் அவர்கள் வீதியில், சனத்தோடு சனமாக, தலைக்கு மேலே கைகூப்பி நின்றார். சுவாமி வந்தது. கும்பிட்டார். போய்விட்டார். அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். “உங்களுக்குக் கோபம் வரேல்லையோ?” என்று கேட்டேன். சுங்கானுக்குப் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“தம்பி, அவையள் உயிரோடை இருக்கிறபடியால்தானே என்னைத் தள்ளி வைக்க ஏலுது? நான் வேறை என்ன கேட்டனான்?”

பெருமக்களே! இதைவிடப் பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை. நூல்களில் படித்ததுமில்லை. என்னால் அவரைப் போல இருக்க முடியாது. அவர் மன்னித்துவிட்டார், அது அவருடைய உயரம். நான் மன்னிக்கவில்லை. அந்தக் கணக்கை அவரோடு சேர்த்து எரித்துவிடும் உரிமை எனக்கு இல்லை.

இனி நிர்வாகக் குழுவுக்கு ஒரு வார்த்தை.

அமரரின் சுங்கான்கள் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம். அது உங்கள் அதிகாரம். உங்கள் வசதிக்காக நான் அறிவிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுங்கான்கள் இப்போது வெளியே இல்லை. அதோ, தலைவர் அவர்களின் முதுகுக்குப் பின்னால், அந்த அலுமாரியில், புத்தகங்களுக்கு மேற்தட்டில் இருக்கின்றன. திரையை நான் இன்று காலை போட்டேன், இப்போது விலக்குகிறேன். பாருங்கள். எவ்வளவு அழகு! வேர்க்கட்டையில் கடைந்தவை, களிமண்ணில் சுட்டவை, நுரை போன்ற வெள்ளைக் கல்லில் செதுக்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் பல். நடுவில் படுத்திருக்கும் அந்த நீளமானதில், தலைவர் அவர்களே, உங்களுடைய வாயும் என்னுடைய வாயும் இருக்கின்றன.

அமரரின் பணியைத் தொடர்வோம் என்று இத்தகைய கூட்டங்களில் உறுதி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். வாழ்நாளில் புகைபிடித்தறியாத நான், வருடத்துக்கொரு தடவை இவற்றுக்கு உப்பும் சாராயமும் இடுவேன். மெழுகு பூசுவேன். இந்த ஊரில் எவர் கேட்டாலும், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமல், ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுப்பேன். அவர் விறாந்தையில் இருந்து ஆறுதலாகப் புகைக்கலாம். இது என் உறுதி. இதற்குக் குழுவின் அனுமதியை நான் கோரவில்லை.

அலுமாரிப் பூட்டின் திறப்பு இதோ. தலைவர் அவர்களின் மேசையில் வைக்கிறேன். அகற்ற விரும்புகிறவர்கள் தாராளமாக அகற்றலாம். தடை எதுவுமில்லை. ஒன்றே ஒன்று: அகற்றுகிறவர் அவற்றைக் கையால் தொட வேண்டியிருக்கும். தடியால் தட்டினால் கண்ணாடி உடையும்.

இத்தகைய வேலைகளுக்கு நாங்கள் வழக்கமாக யாரைக் கூப்பிடுவோம் என்பது எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, எடுத்து எறியச் சொல்லி, கையில் ஏதாவது வைத்து அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் இந்நேரம் சிலருக்கு வந்திருக்கும். உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று, காலையில் நானே அவரிடம் கேட்டுவிட்டேன். அலுமாரிக்கு முன்னால் நின்று, தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கதிர்காமு சொன்னார்:

“சீதேவியக்காவும் நானும் வைச்சனாங்கள், வாத்தியார். எடுக்கிறவை தங்கடை கையாலை எடுக்கட்டும்.”